ஆணியில் தொங்கிய 417

என் பெயர் சம்பங்கி. வயது அறுபத்திரண்டு. கணவர் பெயர் ராஜப்பா, வயது அறுபத்தொன்பது. கோலார் தங்கவயல், மைசூர் மைன்ஸ் பகுதியில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். கணவரைக் காணவில்லை என்று பத்தாம் தேதி நான் கொடுத்த புகார் தொடர்பாக இன்று பன்னிரண்டாம் தேதி காவல் நிலையத்துக்கு வந்து தமிழில் சொல்கிறேன். தமிழ் தெரிந்த காவலர் மமதா எழுதிக்கொள்கிறார்.

என் கணவர் சுரங்கம் மூடும்வரை பூமிக்கு அடியில், ஆட்கள் போய்வரும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜின் ஓட்டியவர். அங்கே கீழே இறங்குகிறவர் தன் டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார். ஷிப்ட் முடிந்தும் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த மனுஷன் பழக்கத்தை விடவில்லை. கறிகாய் வாங்கப் போனாலும் 417 என்று வெட்டிய பித்தளை டோக்கனை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார். வந்ததும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

எங்கள் ஒரே மகன் மனோகர் இங்கே தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலையை விட்டு, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போனான். அப்போது இவர், "கப்பல்ல மூட்டை தூக்கவாடா உன்னப் படிக்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டார். துறைமுகம் என்றால் இவருக்குத் தோணியும் உப்பு மூட்டையும் கூலியாளும்தான். கிரேன் என்று அவன் சொன்னதை நம்பவே இல்லை. இரண்டு வருஷமாக அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. நடுவில் நான்தான் லோல்பட்டேன்.

ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு, பங்காருபேட்டை போய் வருவதாகச் சொல்லி டோக்கனை மாட்டிவிட்டுப் போனார். போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டார். அதன் பிறகு அன்று முழுக்க வரவில்லை. மறுநாள் காலையிலும் டோக்கன் தொங்கியது. அவர் கிளம்பிப் போனதற்கு முந்தின நாள் மாலை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழக் குழியான பழைய ஷாப்டின் வேலியோரம் தனியாக நின்றதைப் பக்கத்து வீட்டு அமலா பார்த்திருக்கிறாள். ஆகவே ஷாப்டில் விழுந்துவிட்டார் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். மகனிடம் சொல்லவில்லை. உன் அப்பா உன்னோடு பேசாமலே போய்விட்டார் என்று எந்த வாயால் சொல்வது?

அதன் பிறகு தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறும் விளக்கும் இறக்கித் தேடினார்கள். நேற்று பகல் பதினொன்றரை மணிக்கு வேலிக்கு வெளியே நான் நின்றிருந்தபோது மகன் வீடியோ கால் போட்டான். எடுத்தால் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு என் கணவர். பின்னால் மாடிமாடியாகக் கண்டெய்னர்கள், அதற்கும் மேலே பெரிய கிரேன்.

"இன்னா சம்பங்கி, இந்த வெயில்ல அங்க இன்னா பண்ற?" என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டியதை எழுத வேண்டாம் என்று மமதாவைக் கேட்டுக்கொண்டேன்.

மகன் என்னதான் வேலை செய்கிறான் என்று கண்ணால் பார்க்க, பங்காருபேட்டையில் ரயில் ஏறி, சேலத்தில் மாறி, தூத்துக்குடிக்கே போயிருக்கிறார். முன்கூட்டிச் சொன்னால் நான் மகனுக்குப் போன் போட்டுவிடுவேன் என்று மறைத்தாராம். எனக்குத் தெரிந்துதான் வந்தார் என்று மகன் நினைத்திருக்கிறான். "டோக்கன் தொங்குதே, எடுக்க வருவேன்னு உனக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூட்டையே இல்ல சம்பங்கி. நான் ஓட்டின மாதிரி இன்ஜின்தான். இவன் ஆகாசத்துல உக்காந்து ஓட்டறான்" என்றார். அதன் பிறகு மகன் போனை வாங்கி, அப்பா தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டதாகச் சொன்னான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

புகாரை முடித்துவிடுங்கள். எனக்காக அலைந்தவர்கள் மன்னிக்க வேண்டும். விசாரணைக்கு என்று ஆணியிலிருந்து எடுத்துவந்த டோக்கனை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நாளைக் காலை இரண்டு பேரும் சேர்ந்து வருகிறார்கள். அவர் வாசலுக்கு வரும்போது அது ஆணியில் இருக்க வேண்டும். அவர் கையால்தான் எடுக்க வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சம்பங்கி

டோக்கன் 417 பெற்றுக்கொண்டேன்.

(ஒப்பம்) சம்பங்கி