தொட அஞ்சிய தாய்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் தோல் மருத்துவர் அம்மையார் அவர்களே, அரங்கை நிறைத்திருக்கும் ஆன்றோர்களே, இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையோடு வந்திருக்கும் தோழர்களே, முந்தானைக்குள் முழங்கையை மறைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எதை மறைக்கிறீர்கள், ஏன் மறைக்கிறீர்கள் என்று அறிந்தவன் என்ற உரிமையில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அச்சத்தைப் பற்றிப் பேச வந்தேன். என் தங்கையின் அச்சம்.

அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். நீரில் இறங்கினால் மீன். வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் நிற்பாள்! சிரியுங்கள், சிரியுங்கள். இனிமேல் சிரிக்க இடமில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டைப்புண் வந்தது. தொண்டை ஆறியது, தோல் சிவந்தது. முதுகெங்கும் கையெங்கும் மழைத்துளி தெறித்தாற்போலப் புள்ளிகள், அவற்றின்மேல் வெள்ளிச் செதில்கள். குளக்கரையில் ஒரு தாய் பார்த்துவிட்டார். "ஐயோ, டீச்சர் கையப் பாருங்க! பிள்ளைங்கள மேல ஏத்துங்க!" கண்மூடித் திறப்பதற்குள் குளம் காலி. கழுத்தளவு நீரில் என் தங்கை மட்டும் நின்றாள். ஏறினால் உடம்பு தெரியுமே!

தனித்தட்டு, தனித்துண்டு, தனிப்படுக்கை என்று வீட்டிலும் ஒதுங்கினாள். நாலு வயது மகள் ஓடிவந்தால், "கிட்ட வராத கண்ணு, உனக்கும் வந்துடும்" என்று பின்வாங்குவாள். மருத்துவரிடம் அழைத்தேன். "வேணாண்ணா. பெரிய வியாதின்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தெரியாததற்கும் நடுங்குகிறோம், தெரிந்துகொள்ளவும் நடுங்குகிறோம். உண்டா, இல்லையா தாய்மார்களே?

ஒருநாள் மதியம் ஓர் அலறல். ஓடினேன். குழந்தையின் கையெல்லாம், கழுத்தெல்லாம், கன்னமெல்லாம் சிவப்புப் புள்ளிகள்!

"ஒட்டிருச்சுண்ணா! என் பிள்ளைக்கும் ஒட்டிருச்சு! நீ தூக்குண்ணா, நான் தொட மாட்டேன்!"

மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் என் தங்கை ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டு வந்தாள். இதோ, தலைமை தாங்கும் இதே அம்மையார்தான் அன்று குழந்தையின் கன்னத்தை ஈரப்பஞ்சால் துடைத்தார். புள்ளி கரைந்தது, பஞ்சு சிவந்தது!

"என்னடா கண்ணு இது?"

"லிப்ஸ்டிக்."

"எதுக்கு வச்சுக்கிட்ட?"

"எனக்கும் வந்துட்டா அம்மா தூக்குவாங்கல்ல?"

அம்மையார் பஞ்சை வைத்துவிட்டு என் தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தார். தொண்டைப்புண் வந்த கதையையும் கேட்டறிந்தார்.

பிறகு சொன்னார். "இது சோரியாசிஸ்ங்கற தோல் நோய்மா. தொட்டா ஒட்டாது. உடம்பக் காக்கிற செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு ரசாயனத்துல சேதி அனுப்பும். உங்களுக்குத் தொண்டைக் கிருமி போனப்புறமும் 'ஆபத்து, ஆபத்து'ன்னு அனுப்பிக்கிட்டே இருக்கு. அத நம்பித் தோல் அவசரமா வளருது. பொறுமையா மேல வரவேண்டிய செல்லுங்க சீக்கிரமே வந்து செதிலாக் குவியுது."

"என் பொண்ணுக்கு வராதுன்னு சொல்லுங்க டாக்டர்!"

"பரம்பரையா வர வாய்ப்பு கொஞ்சம் உண்டு. மறைக்க மாட்டேன். ஆனா நீங்க தூக்கறதால வராது. உங்களுக்கு மருந்து இருக்கு. இப்ப அவளத் தூக்குங்க."

கை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். நடுங்கும் கைகளோடே மகளை வாரி மார்போடு அணைத்தாள்!

மருந்தால் தங்கையின் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்தன. குளிர்காலத்தில் ஒன்றிரண்டு எட்டிப்பார்க்கும். அச்சமும் கூடவே எட்டிப்பார்க்கும். ஆனாலும் குளத்துக்குப் போகிறாள். முதல்நாள் இறங்கியவர்கள் இரண்டே பிள்ளைகள்.

செல்கள் தவறான சேதியை நம்பலாம். அவற்றால் திருப்பிக் கேட்க முடியாது. நமக்கு வாய் இல்லையா? விசாரிக்க அறிவில்லையா? அஞ்சுகிறீர்களா? அஞ்சிக்கொண்டே மருத்துவரிடம் வாருங்கள்! நடுங்குகிறீர்களா? நடுங்கிக்கொண்டே பிள்ளையைத் தூக்குங்கள்!

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. வாசலில் நிற்பேன், விரும்புவோர் கைகுலுக்கிச் செல்லுங்கள். வணக்கம்!