குறைத்த இரண்டு சரணங்கள்

தலைமையேற்றிருக்கும் லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வனச்சரக அதிகாரி அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்துபோய் அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுக்குச் சட்டையோடு ஓடிவந்திருக்கும் என் தோழர்களே, வணக்கம். சங்கச் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்தார்கள். நான் குற்றவாளி என்ற முறையில் எழுந்து நிற்கிறேன்.

யாரை இழந்தோம்? காட்டுச் சாலைச் சோதனைச் சாவடியில் இருபத்தாறு ஆண்டுகள் தடுப்புக் கம்பம் தூக்கியவரை இழந்தோம்! நீங்கள் அவரை 'கேட் அக்கா' என்றீர்கள். சங்கம் 'காட்டுப்பாட்டு அரசி' என்று பட்டம் கொடுத்தது. அக்கா அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, "அரசிக்கு ஒரு நாற்காலி போடக் கூடாதாப்பா, இருபது வருஷமா நின்னுட்டே இருக்கேன்" என்றார். நாற்காலியும் நாம் போடவில்லை.

அப்படி என்ன செய்தார் அக்கா? பாடினார்! அந்த வழியில் மாட்டுவண்டி போன காலத்துப் பாட்டு. யார் கட்டியதோ தெரியாது. ஏழு சரணம். மானுக்கு ஒன்று, கீரிக்கு ஒன்று, சாலையைக் கடக்கும் நத்தைக்குக்கூட ஒன்று. "மெல்லப் போ ராசா, மேயுற வாய்க்கு வழிவிடு" என்று அவர் எடுத்தால், எந்த முரடனும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவான்.

கம்பம் உயரும்போது நாம் பாட்டைத் தொடங்க வேண்டும். பதினொரு கிலோமீட்டர் தாண்டிப் பாலம் வரும்போது ஏழாவது சரணம் முடிய வேண்டும். அதற்கு முன்பே பாலம் வந்துவிட்டால் வண்டி பறந்திருக்கிறது என்று பொருள். மறுநாள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "பாலத்துல எந்த வரி?" என்று கேட்பார். அவரிடம் பொய் சொல்லித் தப்பித்தவர் யாராவது இங்கே உண்டா?

ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாட்டை நான் பதிவு செய்தேன். எல்லார் போனிலும் ஏற்றினால் ஊரெல்லாம் பரவும் என்று ஆசை. ஏழு சரணம் நீளம், கேட்பவர்களுக்குச் சலிக்கும், கடைசி இரண்டை விட்டுவிடலாம் என்றேன். "பாட்டைக் குறைச்சா பாதை குறையாது தம்பி" என்றார் அக்கா. யார் கேட்டது! மேதாவி நான் குறைத்தேன். அதன் பிறகு போன் பாடியது, நாம் வாயை மூடிக்கொண்டோம். ஐந்து சரணத்துக்குள் பாலத்தைப் பிடிக்க, நம் கால் தானாகவே அழுத்தியது.

போன வருடம் ஒரு மான்குட்டி அடிபட்டது. அடித்தது யார்? வேகமே தெரியாதவர் என்று நாமெல்லாம் கேலி செய்யும் நம் 'ஆமை'. தாய்மான் கடப்பதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அது போனதும் வண்டியை எடுத்திருக்கிறார். பின்னால் குட்டி வந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு சாவடிக்கே வந்து, "பாட்டு சொன்ன மாதிரிதான்க்கா ஓட்டினேன்" என்று அழுதார்.

அக்கா அவரைத் திட்டவில்லை. அப்போது அங்கே நின்றிருந்த என் பக்கம் திரும்பி, "ஆறாவது சரணத்துல அதைத்தானே சொல்லியிருந்துச்சு? தாய் கடந்தா நகராதே, பின்னே பிள்ளை வரும்னு" என்றார். அன்றோடு பாடுவதை நிறுத்தினார். ஆமையாவது வந்து சொன்னார். நிறுத்தாமல் போனவர்கள் எத்தனை பேர்? எத்தனை குட்டிகள்?

திரும்பப் பதிவு செய்யலாம் என்று பலமுறை போனேன். "பார்ப்போம்" என்றார். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் பேச்சைப் பறித்தது. மருத்துவமனையில் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தாளம் எனக்குப் புரிந்தது. வார்த்தை புரியவில்லை. பழைய டிரைவர்களைத் தேடிப்போனேன். ஆறு ஆண்டு வாயை மூடியிருந்ததில் மறந்துபோய், ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள், அதிலும் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். அந்த இரண்டு சரணமும் இனி இல்லை, தோழர்களே! தேடித் தோற்றுவிட்டேன்.

'அன்னாரது பணியைத் தொடர்வோம்' என்று தீர்மானம் தட்டச்சாகி மேசையில் இருக்கிறது. எதைத் தொடர்வது? நான் வெட்டிய பாட்டையா?

நேற்று அக்காவின் மகளிடம் கேட்டேன், அம்மாவின் குரல் என்று மிஞ்சியிருப்பது அந்தப் பதிவுதானே, என்ன செய்யட்டும் என்று. "வீட்ல ஒண்ணு வச்சுக்கறேன் மாமா. லாரியில வேண்டாம்" என்றாள்.

ஆகவே உறுதிமொழிக்கு எழுந்து நில்லுங்கள். போனை எடுங்கள். ஐந்து சரணத்தையும் இனி நம் வாயால் பாடுவோம். அது முடிந்த பிறகு பாலம் வரை பாட்டு கிடையாது. ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, அதே வேகத்தில், சும்மா போவோம். தாய் கடந்தால் நிற்போம்.

முதலில் நான். அக்கா, உங்கள் குரலை அழிக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.