பத்து மணி டெஸ்ட் கால்

அட, இருங்க தம்பி, கேபிள்ல கை வெக்காதீங்க. பத்தடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. லைனைக் கழட்டத்தானே வந்திருக்கீங்க? தாராளமா கழட்டிக்கோங்க, நான் என்ன குறுக்கயா படுக்கப் போறேன்? கடைசியா ஒரே ஒரு டெஸ்ட் கால் போட்டுக்கறேன், அவ்வளவுதான்.

இந்த ஐஎஸ்டிஎன் லைனை நீங்க புஸ்தகத்துலதான் பாத்திருப்பீங்க. பெரிய லைன் படுத்துட்டா, இந்த ரூட்டர் பழைய டெலிபோன் கம்பியிலயே நம்ம இன்னொரு ஆபீசுக்கு டயல் பண்ணி வேலையை ஓட்டிடும். காருக்கு ஸ்டெப்னி மாதிரி. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு தினம் பாக்கணும்ல? அதைப் பாக்கறதுக்குன்னு சம்பளம் குடுத்து ஒரு பொம்பளையான்னு மேனேஜர் என்னைக் கிண்டல் பண்ணுவாரு. பண்ணட்டும்.

இங்க பாருங்க, ஸ்டேட்டஸ் கேட்டேன். முதல் அடுக்கு ஆக்டிவ். ரெண்டாவதும் சரி. இத்தோட ஓகேன்னு எழுதி வெச்சுட்டு டீ குடிக்கப் போறவங்க இருக்காங்க. தப்பு. டெலிபோன் ஆபீஸ் வரைக்கும் கம்பி நல்லாருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். அந்தக் கோடிக்குப் போய்ச் சேருதான்னு கால் போட்டாத்தான் தெரியும்.

பத்தாச்சு. போட்டுட்டேன். ம்ம்... கனெக்டட். பாத்தீங்களா, இந்தக் கிழட்டு லைனுக்கு இன்னும் தெம்பு குறையல. ரெண்டு நிமிஷத்துல தானாக் கட்டாயிடும்.

இல்லல்ல, இன்னும் முடியல. அங்கேருந்து திருப்பி ஒரு கால் வரும். ரூல்ல கிடையாதுதான், ஒரு பக்கம் பாத்தாலே போதும். ஆனா வரும். தானா வர்ற மாதிரி செட் பண்ணதா? சேச்சே. மெஷின் பண்ணா டாண்ணு ஒரே நேரத்துக்கு வரணுமே. இது ஒரு நாள் பத்து நாலு, ஒரு நாள் பத்து ஏழு. அந்த ஆளு லீவுன்னா வராது. போன மாசம் நாலு நாள் சேந்தாப்புல வரல. எனக்கு இங்க சோறு இறங்கல. யாரைப் போய்க் கேக்கறது?

ஆளா? அங்க ரூட்டரைப் பாத்துக்கறவரு. எங்கண்ணன்தான்.

கூடப் பொறந்த அண்ணன்தான்ப்பா. பேச்சுவார்த்தை கிடையாது, நாலு வருஷமா. அம்மாவை யாரு வெச்சுக்கறதுன்னு சண்டை. நீ வெச்சுக்கோ நீ வெச்சுக்கோன்னு இல்ல, நான்தான் நான்தான்னு. சிரிக்காதீங்க. அம்மா போய்ச் சேந்தே மூணு வருஷமாச்சு, சண்டை மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. காரியத்தன்னிக்குக்கூட ஆளுக்கொரு மூலையில நின்னோம். லீவு நாள் தவிர இந்தக் கால் மட்டும் வந்துட்டேதான் இருந்துச்சு. நாளைலேருந்து அதுவும் கிடையாது.

தோ, வந்துடுச்சு. பத்து அஞ்சு.

சரி, கட்டாயிடுச்சு. இப்ப கழட்டுங்க. அதுக்கு முன்னால உங்க செல்லைக் கொஞ்சம் குடுங்க தம்பி. என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டாரு.