மூங்கில் இலை காப்ஸ்யூல்

மூங்கில் இலைக்குப் பெரிதாக வாசனை ஒன்றும் கிடையாது, சார். காயவைத்துப் பொடித்தால் வைக்கோல் மாதிரி லேசாக ஒரு வாடை வரும், அவ்வளவுதான். பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சில வருஷமாக அதோடுதான் என் பிழைப்பு. அந்த இலையில் ஃபிளேவனாய்டு என்று சில பொருட்கள் உண்டு. செல்கள் கெட்டுப்போகாமல் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட். கண்ணாடிக் குழாய்க்குள் காப்பதை நானே பார்த்திருக்கிறேன். வலிப்பை நிறுத்தும் என்று யாரும் சொன்னதில்லை.

என் தம்பி இனியனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது வலிப்பு ஆரம்பித்தது. அப்பா அம்மா போன பிறகு அவன் என் பொறுப்பு. குளிக்கப் போனாலும் கதவைத் தாழிடமாட்டேன். கட்டில் லேசாக அசைந்தாலே எழுந்துவிடுவேன். மாத்திரையால் வலிப்பு அடங்கியிருந்தது. ஆனால் எந்நேரமும் மந்தமாகக் கிடப்பான்.

"அக்கா, மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. இதை நிறுத்திடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். முடியாது என்றே சொல்லிவந்தேன்.

சித்திரையில் ஒரு நாள் சரி என்றேன். இலைப் பொடியைக் காப்ஸ்யூலில் அடைத்து, இனி மாத்திரைக்குப் பதில் இது என்று கொடுத்தேன். நம்பினான். கொஞ்ச நாளில் முகம் தெளிந்தது, வாய்விட்டுப் பாடக்கூடச் செய்தான். பக்கத்து வீட்டு ஜெனிட்டா தன் மாமியாருக்கும் அந்தப் பொடி கிடைக்குமா என்று கேட்டாள். கொடுக்கவில்லை. வயதானவர், டாக்டரைக் கேட்காமல் எதுவும் தரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. கை கால் இழுத்தது. சத்தம் வரவில்லை, வலிப்பில் அவனுக்குக் குரல் எழும்பாது. எழுந்ததும் எதுவும் ஞாபகமில்லை. நாக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்டான். சாப்பிடும்போது கடித்திருப்பாய் என்றேன். படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன். பழைய மாத்திரை அலமாரியில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகலாம் என்றதும் நான்தான். சின்ன வயதில் நன்றாக நீந்துவான். வலிப்பு வந்த பிறகு கடலில் கால் நனைக்கக்கூட நான் விட்டதில்லை. அன்று "போயிட்டு வாடா" என்றேன். நம்பமுடியாமல் ஒருமுறை என்னைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடினான்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஏசுபாதம் என்பவர் எழுந்து வந்தார்.

"இன்னாமா, தம்பி உள்ள போய்கினே கீது. கூப்புடு. இல்லாங்காட்டி நான் போய் இட்டாரேன்."

தம்பிக்கு நீச்சல் தெரியும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். போய்விட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

கை ஒன்று மேலே வந்து வெட்டி வெட்டி இழுத்தது. அலையில் விளையாடுகிறான் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். வலிப்பு என்று தெரியும். பொடியால் அது நிற்காது என்பது கொடுத்த அன்றே தெரியும். சட்டையை மடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, சார். களைத்துப்போயிருந்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், எழுந்து போயிருப்பேன்.