கட்டாத அறையின் மேல் ஒரு புகார்

இந்த அறையின் கதவு தப்பான பக்கம் திறக்கிறது, சார். உள்ளே வருகிறவர் முதலில் சுவரைப் பார்க்கிறார், அப்புறம்தான் உங்களைப் பார்க்கிறார். கீலை எதிர்ப்பக்கம் மாற்றினால் போதும், அரை நாள் வேலை. குறை சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷமாக வீட்டுக்குப் பிளான் போடுகிறவன் நான். எங்கே போனாலும் கண் கதவில்தான் போய் நிற்கிறது.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் கடிதம் நான் எழுதியதுதான். மறுக்கப் போவதில்லை. ஆனால் அதை மட்டும் தனியாகப் படித்தால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே மகள். அவளுக்குப் பதினொரு வயதில் அவள் அம்மா இறந்துபோனாள். அதற்கப்புறம் சமைத்தது, துவைத்தது, பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றது எல்லாம் நான்தான். தலை பின்னிவிடுவேன். வகிடு நேராக வராது, ஸ்கேல் வைத்து எடுப்பேன். இப்போது அவளுக்கு முப்பது வயது. ஒரு பெரிய மருந்துக் கடையைத் தனியாளாகக் கவனித்துக்கொள்கிறாள். நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் என் வீட்டில்தான் இருந்தார்கள், பின்பக்க அறையில். அவர் சிரித்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். பாப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவள் அப்படிச் சிரிக்கிறவள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்து அறையில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே கேட்பேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

பிறகு ஊரின் அந்தக் கோடியில் மனை வாங்கினார்கள். என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும்.

"மாமா, நான் ஆளுங்களை மேல ஏத்தி இறக்குறவன். சுவரை மேல ஏத்துறது உங்க வேலை. பிளான் நீங்கதான்," என்றார்.

போட்டுக் கொடுத்தேன். கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை. தரைத்தளம் மட்டும். பின்னால் ஒன்பது அடி காலி இடம். நாலு மாசத்தில் அனுமதி அலுவலகத்தின் முத்திரையோடு திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தோம்.

"மாமா, ஒண்ணு கேட்டா திட்டக்கூடாது."

"கேளுங்க மாப்ளே."

"மேல ஒரு ரூம் போடணும்."

"அனுமதி வந்தாச்சு. இனிமே ஒரு ஜன்னலை ஒரு ஜாண் நகர்த்தணும்னாலும் திருத்தின படம் குடுத்து, முத்திரை வாங்கணும்."

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல? 'முடியாது சார்' ஆரம்பிச்சாச்சு."

தொழிலில் எனக்கு அதுதான் பெயர். மேஸ்திரிகள் வைத்தது. முத்திரை விழுந்த படத்திலிருந்து ஒரு அங்குலம் விலக விடமாட்டேன். குளியலறைக் கதவைத் தள்ளி வைக்கக் கேட்ட ஒருவர், பேசாமல் வீட்டை விற்றுவிட்டே போனார் என்று கிண்டல் செய்வார்கள். அதனால்தான் நான் ஒரு மாற்றத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டால், அப்புறம் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

"யாருக்கு ரூம்?" என்றேன்.

"உங்களுக்குத்தான்பா," என்றாள் பாப்பா. "நாங்க அங்க போயிட்டு, நீங்க இங்க தனியா உக்காந்து சுவரைப் பார்த்துட்டு இருக்கப் போறீங்களா? இந்த வீட்டைப் பூட்டிட்டு வந்துடுங்க."

"மாடியில கரண்ட் பாயின்ட் எல்லாம் நானே போட்டுடறேன் மாமா. படம் போடுற மேஜைக்கு மேல தனியா ஒரு லைட்," என்றார் அவர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. படுத்த பிறகுதான் யோசித்தேன். தன் வீட்டில் ஒருவன் அப்பா. மகள் வீட்டில் அவனே மாடியில் இருக்கிற பெரியவர். கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும், இறங்கி வருவதற்குள் அடங்கிவிடும்.

மறுநாள் சரி என்றேன். இருவரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

திருத்தின படத்தை நான் வரைந்தேன், சார். அதில் ஏமாற்று இல்லை, நல்ல படம். அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன். மாடி அறையைப் பின்பக்கம் நாலரை அடி வெளியே நீட்டினேன். கீழே தாங்கச் சுவர் கிடையாது, தளம் மட்டும் அந்தரத்தில் நீண்டு நிற்கும். "ரூம் கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமே," என்றேன். பின்னால் விட வேண்டிய இடத்தில் பாதி அதிலேயே போய்விடும். எந்த அலுவலகமும் அனுமதிக்காது. அது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

படத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். நாற்பது நாள் கழித்து, வந்துவிட்டது, வேலையைத் தொடரலாம் என்றேன். அலுவலகத்துக்கான படம் என் மேஜை இழுப்பறையை விட்டு நகரவில்லை. மேஸ்திரிக்குக் கீழ்ச்சுவர் முடிந்த பிறகுதான் ஒரு நகல் கொடுத்தேன். வந்த படத்தைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம்தான் இந்தக் கடிதம். பெயர் போடாமல், யார் கை என்று தெரியாத கட்டை எழுத்தில். "மேற்படி மனையில், வழங்கப்பட்ட அனுமதிக்கு மாறாக, மாடியில் பின்புறம் நாலரை அடி நீட்டி ஓர் அறை கட்டப்பட்டுள்ளது." ஆள் வருவார்கள், வேலையை நிறுத்துவார்கள், வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவரை பின்பக்க அறையில் இருந்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் கணக்கு. யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு தவறு செய்தேன். என் தொழில்காரன் மட்டும் செய்கிற தவறு. கடிதம் அலுவலகத்துக்குப் போன அன்று மனையில் மாடியே கிடையாது. கீழ்ச்சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டி நின்றது, அவ்வளவுதான். எனக்கோ படத்தில் கோடு விழுந்தால் வீடு நின்றுவிட்ட மாதிரி. அந்த அறைக்குள் நான் எத்தனையோ தடவை நடந்து பார்த்தாகிவிட்டது. அதனால் கட்டப்பட்டுள்ளது என்று எழுதிவிட்டேன்.

அலுவலகம் எனக்கு உதவி செய்தது, அதாவது தூங்கியது. இரண்டு மாசம் கழித்து ஆய்வாளர் டேப்போடு வந்தபோது மாடியில் நாலு சுவரும் எழும்பிவிட்டன. கூரை மட்டும் பாக்கி. கடிதத்தில் இருந்தபடியே எல்லாம் இருந்தது. தேதியை யாரும் பார்க்கவில்லை. முப்பது நாளில் மாடியை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் வரும் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நான் மாப்பிள்ளையைப் பார்க்கத் தயாராகப் போனேன். திட்டுவார், இழுப்பறைவரைக்கும் வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க குடுத்த படத்தை ஆபீஸ்ல தொலைச்சிருப்பானுங்க மாமா. எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் போட்டுக் குடுத்திருக்கான். நீங்க மனசை விட்டுடாதீங்க."

என்னைத் தேற்றினார், சார்.

"வழக்குப் போடலாம் மாப்ளே. நாலஞ்சு வருஷம் ஓடும்," என்றேன்.

"எதுக்கு மாமா? கீழ் வீடு அனுமதிப்படி பக்காவா இருக்கு. மேல உள்ளதை நானே உடைச்சுத் தள்ளிடறேன். அடுத்த மாசம் குடி போயிடலாம். உங்களுக்குக் கூடத்துல கட்டில். மாடி ஏறி இறங்குற தொல்லையும் மிச்சம்."

பாப்பா பின்னாலிருந்து, "அப்பா கட்டிலையும் ஸ்கேல் வச்சுத்தான் போடணும், பார்த்துக்கோங்க," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நோட்டீஸ் ஒட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, காகிதத்தால் இவர்களை நிறுத்த முடியாது என்று.

உங்களிடம் இருப்பது கடிதம் மட்டும்தான். அதற்குத் தண்டனை என்ன, ஒரு எச்சரிக்கையா, ஓர் அபராதமா? அதோடு நிறுத்திக்கொண்டு நான் எழுந்து போகலாம். ஆனால் ஒரு படத்தைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மேஸ்திரி புதன்கிழமைதான் வருவேன், நீண்ட தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு அன்றைக்கு மட்டும்தான். சம்மட்டியோடு மாடியில் நின்றார். நான் கீழே பின்கட்டில் நின்றேன்.

"மாமா, மேஸ்திரி என்னமோ முட்டுங்கிறாரே?"

"ஒரு ரூமுக்கு எதுக்கு முட்டு? அவர் எதுக்கும் பயப்படுற ஆள்."

"எந்தச் சுவரை முதல்ல எடுக்கட்டும்?"

இதை உங்களுக்கு விளக்கவேண்டும். ஒரு நீளப் பலகை திட்டின் விளிம்பிலிருந்து பாதி வெளியே நீட்டியிருக்கிறது. வெளி நுனியில் ஒருவன், உள் நுனியில் ஒருவன். உள்ளே இருப்பவன் எழுந்துவிட்டால் வெளியே இருப்பவன் கதி என்ன? அந்த அறையில் வெளிச்சுவர் நீண்ட நுனியில் நின்றது. உள்ளே இருந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது உட்சுவரின் பாரம். நான் அப்படித்தான் வரைந்திருந்தேன். வெளிச்சுவரை முதலில் எடுத்தால் ஒன்றும் ஆகாது.

அவர் எட்டிப் பார்த்தபடி நின்றார். நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தார். பின்வீட்டு அம்மாள் கொடியில் துணி உலர்த்தியிருந்தார்.

"வெளிச்சுவரை உடைச்சா தூசி முழுக்க அந்தம்மா துணியில போய் விழும்," என்றேன். "உள்சுவரை முதல்ல எடுங்க மாப்ளே. வெளிச்சுவர் மறைப்பா நிக்கட்டும். கடைசியில அந்தப் பக்கம் போய் மெதுவா எடுத்துக்கலாம்."

"பாத்தீங்களா, இதுக்குத்தான் பெரியவங்க வேணுங்கிறது," என்றார்.

மதியம் ஒரு மணிக்கு உட்சுவர் முடிந்தது. தண்ணீர் குடித்தார். பாப்பா சாப்பிடக் கூப்பிட்டாள். இன்னும் நாலு அடி, முடிச்சுட்டு வந்துடறேன் என்று நுனிக்குப் போனார். சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. தளம் முதலில் இறங்கியது, சுவர் அதன்மேல் விழுந்தது. பின்வீட்டுத் துணி முழுக்க வெள்ளையாகிவிட்டது.

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று என்னிடமே பல தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் இல்லை நான். ஆனால் அந்தப் பதிலை நான் முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். கொடியில் துணி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் வேறு காரணம் தேடியிருக்கவேண்டும்.

பாப்பா மறுபடியும் பின்பக்க அறைக்கு வந்தாள். மூன்று மாசமாகிறது. காலையில் அவளுக்கு நான்தான் தட்டு வைக்கிறேன். பாதி சாப்பிடுகிறாள், பாதியை ஒதுக்குகிறாள். என்னோடு பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். ஆனால் வீடு பழையபடி அமைதியாக இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். நான் கோட்டை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

புகாரின் நகலை அலுவலகத்தில் அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். கட்டுகிற காலத்தில் தினமும் வீட்டைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள், அப்பா இன்னிக்கு இவ்வளவு வளர்ந்திருக்கு என்று. கடிதத்தில் விழுந்த வரவு முத்திரைத் தேதியையும் அந்தத் தேதிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். படத்தில் மாடி இல்லை. மாடி வரப்போவது அப்போது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இல்லை, ஒருத்தி அவள். கெட்டிக்காரி. உங்களிடம் இதைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று காவலர் சொன்னார்.

கோபம்தான், வேறென்ன? சின்ன வயதிலும் இப்படித்தான், இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மூன்றாம் நாள் அப்பா என்று வந்து நிற்பாள்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? ஒவ்வொரு பக்கத்திலுமா? சரி. எனக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள், சார். அவளைப் போகச் சொல்லிவிடாதீர்கள். தனியாக வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லாத பிள்ளை. இதை முடித்துவிட்டு வந்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லுங்கள். அவள் காத்திருப்பாள்.