இடப்பக்கம் சாயும் ஏணிக்காரி

படுத்துக்கொண்டு, கையில் பிடித்து ஆடுகிற கேம் கன்சோலில் விளையாடுவது எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் கண் அசந்தால் அது நேராக மூக்கில் வந்து விழும். அதனால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முழங்கைகளை மேசையில் ஊன்றி, பரீட்சை எழுதுகிறவனைப் போலத்தான் விளையாடுவேன். 'கறார்' என்ற பெயரில் உங்கள் தளத்தில் நான் எழுதிய விமர்சனங்கள் எல்லாமே அப்படி உட்கார்ந்து விளையாடி எழுதியவை. ஏனோதானோவென்று வேலை செய்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், உங்களுக்கு எழுதிய புகாரை எனக்கு அனுப்பி, இதற்கு உங்கள் பதில் என்ன என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். பதில் ஒரு வரியில் அடங்காது. அத்தான் மீது எனக்குக் கோபம் இல்லை. அக்கா மீதும் இல்லை. முதலிலேயே சொல்லிவைக்கிறேன். படித்து முடிக்கும்போது உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

'ஏணிக்காரி' என்ற கேமைச் செய்தவள் என் கூடப்பிறந்த அக்கா என்பதை உங்களிடம் மறைத்தேன் என்கிறார் அத்தான். மறைக்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"சொந்தம்னு பாக்காதடா. மனசுல பட்டதை எழுது. உனக்குன்னு ஒரு பேரு இருக்கு, எனக்காக அதைக் கெடுத்துக்காத" என்றாள்.

மனதில் பட்டதை எழுதினேன். என்னைக் கேட்டால் விவகாரம் அங்கேயே முடிந்துவிட்டது.

நீங்கள் அந்த கேமை விளையாடியிருக்க மாட்டீர்கள். தளம் நடத்தும் ஆசிரியர்கள் விளையாடுவதில்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டிடம். மொட்டைமாடியில் ஒரு பல்பு எரியவில்லை. தோளில் ஏணியோடு ஒருத்தி மாடி மாடியாகத் தாவி ஏறிப் போய் அதை மாற்ற வேண்டும். தவறி விழுந்தால் செத்தாள். மறுபடி தரைத்தளம். வழியில் சேர்த்த சாமான் எல்லாம் போச்சு. மாடிகளும் சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போட்டதுபோல் வரிசை மாறிக் கிடக்கும். மிஞ்சுவது ஒன்றுதான்: ஒவ்வொரு சாவுக்கும் ஏணியில் ஒரு படி கூடும். எத்தனை முறை செத்தோமோ அவ்வளவு நீளம் ஏணி. நீளம் கூடக்கூட, எட்டாத இடமும் எட்டும். சாவுதான் அங்கே சம்பாத்தியம்.

நல்ல யோசனை. அதை விமர்சனத்தில் ஒப்புக்கொண்டும் இருக்கிறேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு, படம் வரைவதில் இருந்து புரோகிராம் எழுதுவது வரை தனி ஆளாகச் செய்தாள். அத்தான் மேசையின் மறுபாதியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஏணிக்காரி விழும்போது வருகிற 'அச்சச்சோ' கூட அக்காவின் குரல்தான்.

அந்த 'அச்சச்சோ'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நாங்கள் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுவோம். ஆளுக்கொரு கன்ட்ரோலர். நான் எவ்வளவு முக்கி முக்கி அழுத்தினாலும் என் ஆள் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டான், போய் முட்டிச் சாவான். அக்கா இதே குரலில் 'அச்சச்சோ' என்பாள். என் கன்ட்ரோலரின் வயர் எதிலும் செருகப்படவே இல்லை என்பதும், நான் என்னுடையவன் என்று நினைத்த ஆளை கேமே ஓட்டிக்கொண்டிருந்தது என்பதும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடவே சிரிப்பேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

மாடிகள் எப்படிக் குலுங்கினாலும் லிஃப்ட் குழி மட்டும் எல்லா ஆட்டத்திலும் வந்துவிடும். நடுவில் ஆடுகிற கம்பியைத் தாவிப் பிடித்து அடுத்த பக்கம் போக வேண்டும். என்னால் தாண்ட முடியவில்லை. போனேன், விழுந்தேன். அச்சச்சோ. மறுபடி தரைத்தளத்தில் இருந்து ஏறி வந்தேன், விழுந்தேன். அச்சச்சோ. ஏணியின் நீளம் திரையைத் தாண்டிப் போயிற்று. கம்பி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தாவும் நேரத்தில் அவள் இடப்பக்கமாகச் சாய்ந்தாள். அது என் கண்ணால் நான் பார்த்தது.

அதைத்தான் எழுதினேன். 'ஏணிக்காரி தானாக இடப்பக்கம் சாய்கிறாள். செய்தவருக்குக் கற்பனை இருக்கிறது, கை இல்லை. பத்துக்கு மூன்று.' நீங்களே தலைப்பை இன்னும் காரமாக்கிப் போட்டீர்கள்.

கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டேன். அது என் பிழை. 'தூங்குமூஞ்சி' என்ற பெயரில் ஒருவர் கமெண்ட் எழுதினார்: "தலைவா, ஏணி திரையை விட்டே வெளிய போயிருக்கே. இத்தனை தடவை செத்தும் லிஃப்டைத் தாண்டலியா?" அதற்குக் கீழே இன்னொருவர்: "அந்த ஏணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க, எங்க வீட்டுல ஒட்டடை அடிக்கணும்." நகைச்சுவை எல்லோருக்கும் பொதுவானது. நானும் சிரித்தேன். அவர்கள் இருவரும் இதுவரை எங்கெங்கே என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி முழுக்கப் படித்தேன், அவ்வளவுதான்.

ஆனால் போகப்போகக் காற்று திரும்பியது. எனக்கும் இடப்பக்கம் இழுக்கிறது என்று ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு இழுத்ததும் அடுத்தவருக்கும் இழுத்தது. அவர்களில் பாதிப் பேர் கேமை வாங்கியே இருக்கவில்லை. படித்த மாத்திரத்தில் இழுத்திருக்கிறது. எழுத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு.

பிறகு ஒருநாள் கன்சோல் திரைக்குப் புதுத் தாள் ஒட்ட ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளை ஒட்டிவிட்டு, கேட்காமலேயே, ஆளை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளுகிற ஸ்டிக்கைச் சோதிக்கிற பக்கத்தைத் திரையில் திறந்தார். யாரும் ஸ்டிக்கைத் தொடாதபோது அதில் தெரிகிற புள்ளி வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். அது இடப்பக்கம் ஒதுங்கி நின்றது.

"தம்பி, உங்க ஸ்டிக் போயிடுச்சு. தொடாமலே இழுக்குது பாருங்க. இப்படி உக்காருங்க, ஒரு டீ குடிக்கறதுக்குள்ள மாத்திடறேன்."

"வேண்டாம்" என்றேன்.

"இதோட எப்படி விளையாடறீங்க? ஆளு குழியில போய் விழுவானே."

"எனக்குப் பழகிடுச்சு" என்று கன்சோலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தலைப்புக்கு மேலே, தடித்த எழுத்தில் 'திருத்தம்' என்று போடுவீர்கள். தூங்குமூஞ்சி அதைப் படிப்பார். ஒட்டடைக்காரர் படிப்பார். அக்கா படிப்பாள். ஒரு விமர்சகனுக்கு வாக்கு முக்கியம். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடிவு செய்தேன். அவ்வளவு சின்ன விஷயம்தான்.

அக்கா என்னிடம் சண்டைக்கு வந்திருந்தால் கதை வேறு. அவள் வரவில்லை. போன் செய்து, மெதுவாகக் கேட்டாள்.

"கோச்சுக்காதடா. உன் ஸ்டிக் நல்லாத்தானே இருக்கு?"

"கடைக்கே எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டேன்க்கா" என்றேன். காட்டியது உண்மை.

"அப்ப கேம்லதான் ஏதோ இருக்கு. எங்க கோட்டை விட்டேன்னு தெரியலியே" என்றாள். கூடப்பிறந்த தம்பியே பத்துக்கு மூன்று கொடுத்தால் அதில் பொய் இருக்காது என்பது அவள் கணக்கு. நேர்மையானவர்களை ஏமாற்றுவது சுலபம் என்று நான் சொல்லவில்லை. அவளாக நம்பினாள்.

அவள் புரோகிராமை வரி வரியாகப் பிரித்துப் போட்டாள். இல்லாத தப்பைத் தேடுவது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பல்லிடுக்கில் சிக்காத ஒன்றைக் குத்தி எடுப்பதுபோல். ரத்தம் வரும், வேறெதுவும் வராது. கடைசியில், இடப்பக்கச் சாய்வைச் சரிக்கட்ட, காற்றில் ஏணிக்காரியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுகிற மாதிரி ஒரு வெர்ஷன் அனுப்பினாள்.

"இப்ப எப்படிடா?"

"பரவாயில்ல. ஆனா இழுக்குது."

இன்னும் தள்ளினாள். இன்னும் இழுக்கிறது என்றேன். என் கன்சோலில் இழுத்தது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம்.

ஒரு கட்டத்தில் அவளே தயங்கினாள். "என் மிஷின்ல வலப்பக்கம் ரொம்பத் தள்ளற மாதிரி இருக்குடா. நேரா தாவினா வலப்பக்கச் சுவத்துல போய் இடிக்கறா."

இங்கேதான் நான் செய்தது வருகிறது. மற்றதெல்லாம் முன்னுரை.

"அக்கா, நீதான் அதைச் செஞ்ச. இத்தனை நாளா அதையே புடிச்சுட்டு இருக்க. உன் கை அந்தக் கோணலுக்குப் பழகிப்போச்சு. நேரா இருக்கறது இப்ப உனக்குக் கோணலாத் தெரியுது. உன் கையை நம்பாத."

"அப்படியும் இருக்குமோ?" என்றாள்.

பக்கத்தில் இருந்து அத்தான் குரல் கேட்டது. "நானும் விளையாடிப் பாத்தேன். எனக்கும் வலப்பக்கம்தான் போகுது. அவன் கன்சோலைக் குடுத்து அனுப்பச் சொல்லு, நான் பாக்கறேன்."

விமர்சகர் தன் கருவியை, விமர்சிக்கப்படுகிறவரின் கணவரிடம் கொடுப்பது முறையல்ல என்று விளக்கினேன்.

"ஆமா, பெரிய கோர்ட்டு இது" என்றார் அத்தான்.

அக்கா அவர் மீதுதான் பாய்ந்தாள். "என் தம்பி என்ன, பொய்யா சொல்றான்? உங்களுக்கு என் மேல இருக்கற பாசத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியும். சும்மா இருங்க."

அத்தான் சும்மா இருந்தார்.

இப்படியே அவள் தள்ள, நான் உதட்டைப் பிதுக்க, கடைசியில் ஒரு வெர்ஷனில் ஏணிக்காரி என் கையில் நேராகத் தாவினாள். "இப்பத்தான்க்கா சரி" என்றேன். அவள் அழுதாள். எல்லோருக்கும் அப்டேட் போயிற்று. அதன் குறிப்பில் 'பொறுமையாகச் சோதித்துத் தந்த என் தம்பிக்கு நன்றி' என்று எழுதியிருந்தாள்.

நல்ல ஸ்டிக் வைத்திருந்த எல்லோருடைய ஏணிக்காரியும் வலப்பக்கச் சுவரில் மோதி லிஃப்ட் குழிக்குள் விழுந்தாள். அதுவரை கேமை விரும்பி விளையாடிக்கொண்டிருந்தவர்கள், அந்த பல்பை மாற்றியே விட்டவர்கள், அவர்களும் விழுந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 'குடித்துவிட்டு ஏறும் ஏணிக்காரி' என்று வீடியோ போட்டுச் சிரித்தார்கள். அக்கா கேமை விற்பனையில் இருந்து எடுத்துவிட்டாள். தூங்குமூஞ்சி என் விமர்சனத்துக்குத் திரும்பி வந்து, "தலைவா, மன்னிச்சுக்கோங்க, நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்று எழுதினார். அதை நான் சேமித்து வைத்திருக்கிறேன்.

ஆறுதல் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசை முழுதும் காலியாகத் துடைத்து வைத்திருந்தது. அக்கா பழைய ஆபீஸில் மறுபடி சேர்ந்துவிட்டாள். சுவருக்கு வெள்ளை அடித்து, அவர்களுடைய கல்யாணப் போட்டோவை அத்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நேரா இருக்கா பாரு" என்றார் அவளிடம்.

அவள் போட்டோவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடா. எனக்கு இப்பல்லாம் எதுவும் சரியாத் தெரியறதில்ல."

பார்த்தேன். நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

"கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்குக்கா" என்றேன்.

அவள் ஸ்டூலில் ஏறித் திருப்பினாள். அந்தக் கோணல் போட்டோவின் கீழே நின்று அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்டாள், சொன்னேன்.

அதன் பிறகுதான் அத்தான், நான் கன்சோலைக் காட்டியது எங்கே என்று கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். ரிப்பேர் கடைக்காரருக்கு என்னை நன்றாக நினைவிருந்ததாம். "மாத்தித் தர்றேன்னு சொல்லியும் வேண்டாம்னு போனாரே, அந்தத் தம்பிதானே?" என்றாராம். வாடிக்கையாளரைப் பற்றி வெளியாளிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தான் போனில் கத்தவில்லை. "அவகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா உனக்காக என்கிட்டதான் சண்டை போடுவா" என்றார். சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் அப்படியே வெளியிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அக்கா உங்கள் தளத்தை இப்போது திறப்பதே இல்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். கெட்டது என் ஸ்டிக் என்று தெரியும். தெரிந்தே நல்ல கேமை அவள் கையாலேயே கெடுக்க வைத்தேன். இனி அவள் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால் அவள் கையை அவளே சந்தேகப்படுவாள். அதுவும் என் வேலைதான். ஆனால் அந்த முதல் விமர்சனம் நான் அறியாமல் எழுதியது. ஸ்டிக் இழுத்தது, அதனால் விழுந்தேன். அந்த இடத்தில் என் மீது குற்றம் கிடையாது. இதை நிரூபித்துவிட்டு உங்களுக்கு எழுதலாம் என்று நேற்று அதே கடைக்குப் போய்ப் புது ஸ்டிக் போடச் சொன்னேன். கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை முடித்து, புள்ளி வட்டத்தின் நட்டநடுவில் நிற்பதைக் காட்டிவிட்டுக் கொடுத்தார். கேமின் முதல் வெர்ஷனை அனுப்பச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பினாள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். லிஃப்ட் குழிக்கு வந்தேன். தாவினேன். ஏணிக்காரி இடப்பக்கமும் சாயவில்லை, வலப்பக்கமும் சாயவில்லை. நேராகப் போய், கம்பிக்கு ஒரு விரற்கடை முன்னால், நேராக விழுந்தாள். மறுபடி ஏறினேன். விழுந்தாள். காலையில் இருந்து இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

அந்தக் கடைக்காரருக்கு ஸ்டிக் மாற்றவே தெரியவில்லை. இணையத்தில் அவர் கடையின் பக்கத்துக்குப் போய் அதை விளக்கமாக எழுதி, ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்தேன்.