கம்பிக்கு ஊற்றிய மருந்து

— மருந்து சேக்கல்லன்னு ஒங்க ரிப்போர்ட்டுல ஒத்த வரி எழுதித் தாங்க அனந்த் சாரே. மத்தத நான் கோர்ட்டுல பாத்துக்கிடுதேன்.

— சேத்திருக்கே, சுசீலாபாய் சேச்சி. இல்லேன்னு எப்படி எழுதறது?

— பின்ன ஒம்பது வருசத்துல பால்கனி எப்பிடி இடிஞ்சு விழும்? எங்க வீட்டுக்காரரு காலம்பற பேப்பர் எடுக்கப் போன மனுசனாக்கும். அந்தக் கல்லுக்கு அடியில பேப்பரோட கெடந்தாரு.

— கேட்டேளா, கடலோரத்து வீடு. கம்பியைத் துரு தின்னாம இருக்கத்தான் கான்கிரீட்டுல அந்த மருந்தை ஊத்தறது. அஞ்சு இடத்துல துண்டு வெட்டி லேப்ல பாத்தாச்சு. அளவு சரியா இருக்கு. உங்க தம்பி ஏமாத்தலை.

— தம்பியா? கூடப்பொறந்தவன்னு நம்பித்தான் அந்த சத்தியநேசனுக்கு வீடு கெட்டுத வேலையக் கொடுத்தோம். அடக்கத்துக்கு வந்தான். கேட்டத் தாண்டி உள்ள வரப்பிடாதுன்னுட்டேன். மழையில அங்ஙனயே நின்னான்.

— கான்கிரீட்டுக்குள்ள உப்பு ஏராளம், சேச்சி. காத்துல வந்ததில்லை, கலக்கறப்பவே சேர்ந்தது. அத்தனை உப்புக்கு எந்த மருந்தும் நிக்காது.

— கடல் மணலப் போட்டிருக்கான்! இப்பமாவது எழுதுங்க.

— மணல் ஆத்து மணல்தான். எந்தத் தண்ணில கலந்தார்?

— லாரித் தண்ணி. நம்ம கெணறு கரிக்கும்லா. மூணு டிரம்முல ரொப்பி வச்சுட்டு, தொட்டுராதக்கான்னு சொல்லிட்டுத்தான் போனான்.

— தொட்டேளா?

— பதினஞ்சு பேரு சாரே. கான்கிரீட் போடுத அன்னைக்கு வேலைக்காரங்களுக்கு எறச்சிச் சோறு போடாண்டாமா? உப்புத் தண்ணியில வச்சா வாயில வைக்க முடியுமா?

— எத்தனை டிரம் எடுத்தேள்?

— ரெண்டு. ஆனா நான் சும்மா விடல்ல. வெளிம்பு வரைக்கும் திரும்ப ரொப்பி வச்சேன்.

— எங்கேர்ந்து?

— லாரி அதுக்குள்ள போயிட்டுதே சாரே.

— சேச்சி?

— கெணத்துலருந்து. நானே கோரி ஊத்தினேன்.

— இந்தாங்கோ, இப்படி உக்காருங்கோ.

— அவரு ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னாரு சாரே அன்னைக்கு. இது சத்தியநேசனுக்குத் தெரியாண்டாம். ஒங்க காலப் பிடிக்கேன்.

— அவருக்குத்தான் ரிசல்ட்டை முதல்ல காட்டினேன். பாத்துட்டு, ‘குத்தம் எம்பேர்லயே இருக்கட்டும், அக்காகிட்ட தண்ணியப் பத்தி மட்டும் கேட்டுராதீங்க’ன்னார்.